நுண்ணோக்கியின் கீழ் ஒரு தாய்ப்பூச்சி

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலையில் நடப்போர்க்கு ஒரு காட்சி கிட்டும். தெருவின் நீளத்துக்குப் பட்டுப் பாவை இழுத்துக் கட்டியிருப்பார்கள். ஆணும் பெண்ணுமாய் இருபுறமும் நின்று, ஒட்டிய இழைகளைப் பிரித்தும் அறுந்தவற்றை விரல் நுனியால் முறுக்கி இணைத்தும் வெயில் ஏறுமுன் வேலையை முடிப்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு காலையில் நாம் அங்கே நின்றிருந்தோம். முதியவர் ஒருவர் நகர்ந்தால் ஓர் அறுப்பு, நின்றால் ஓர் அறுப்பு என்று தவித்துக்கொண்டிருந்தார். "இன்று ஏன் பெரியவரே இத்தனை அறுப்பு?" என்று கேட்டோம். தலை நிமிராமலே அவர் சொன்னார்: "பட்டு சரியில்லீங்க. புழு என்ன இலையைத் தின்னுச்சோ, யாரு கண்டா?"

யார் கண்டார் என்று அவர் சலிப்பில் கேட்டதை நாம் கேள்வியாகவே எடுத்துக்கொண்டோம். புழு தின்ற இலையையும், அந்தப் புழுவையும், அதன் தாயையும் உற்றுப் பார்த்தவர்கள் உண்டு. அவர்கள் பார்த்த கதை இரண்டு நூற்றாண்டுக் கதை. அதில் ஒரு பகுதியையேனும் நம் வாசகர் அறிந்திருப்பது நல்லது என்று எண்ணுகிறோம். நம் இல்லத் திருமணங்களில் பீடத்தின் முன் நிற்கும் மணமகள் உடுத்துவதும் பெரும்பாலும் இந்தக் காஞ்சிப் பட்டுதானே!

காஞ்சி பட்டு நெய்யும் ஊரேயன்றிப் பட்டு விளையும் ஊர் அன்று. இழை எப்போதும் வெளியிலிருந்தே வந்திருக்கிறது. சீனத்து ஹான் பேரரசின் பழைய வரலாற்று நூல் ஒன்று, அரசரின் தூதர்கள் பொன்னும் பட்டும் எடுத்துக்கொண்டு முத்து வாங்க ஹுவாங்சி என்னும் தொலைநாட்டுக்குக் கடல்வழி சென்றதைக் கூறுகிறது. ஹுவாங்சி என்பது காஞ்சியே என்று கருதும் ஆய்வாளர் உளர், மறுப்போரும் உளர். பிற்காலச் செய்தியில் ஐயமில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திப்பு சுல்தான் வங்காளத்திலிருந்து பட்டுப்புழுவைத் தருவித்து மைசூர் நாட்டில் வளர்க்கச் செய்தார். அதன்பின் காஞ்சித் தறிகளுக்குப் பட்டு மேற்கேயிருந்து வரலாயிற்று. மல்பெரி செழித்த கொள்ளேகால் வட்டம் அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்ததாய், சென்னை மாகாணத்துக்குள் இருந்தது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது அது மைசூருடன் இணைந்தது. நெசவு இங்கும் இலை அங்குமாக எல்லைக்கோடு விழுந்தது. பின்னர் ஓசூர், தாளவாடிப் பக்கங்களில் தமிழகம் தன் மல்பெரியைத் தானே வளர்க்கத் தொடங்கியது.

பட்டுப்புழு சீனத்தை விட்டு வெளியேறிய கதையில் நம் நாட்டின் பெயரும் வருவது ஒரு சுவையான செய்தி. ஏறத்தாழ 552ஆம் ஆண்டில் துறவியர் சிலர் பேரரசர் யுஸ்தினியானிடம் வந்து, பட்டு செய்யும் புழுவின் முட்டைகளைக் கொண்டுவர இயலும் என்று உறுதி கூறி, அவ்வாறே கொணர்ந்தனர் என்று அக்கால வரலாற்றாசிரியர் புரோக்கோப்பியுஸ் எழுதியுள்ளார். அத்துறவியர் இந்தியர் நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பது அவருடைய கூற்று. ஊன்றுகோலின் துளைக்குள் முட்டைகளை மறைத்துக் கொணர்ந்தனர் என்பது பின்னர் சேர்ந்த கதையாகலாம். எவ்வாறாயினும், கொன்ஸ்தாந்தினோபிளில் தொடங்கிய பட்டு வளர்ப்பு பின்வந்த நூற்றாண்டுகளில் இத்தாலிக்கும் பிரான்சுக்கும் பரவியது.

அந்தப் பிரான்சில்தான் நம் கதையின் நடுப்பகுதி நிகழ்கிறது. 1853இல் ஏறத்தாழ 2.6 கோடி கிலோ பட்டுக்கூடு விளைந்த நாட்டில், 1865இல் 40 இலட்சம் கிலோவே கிடைத்தது. புழுக்களின் உடலில் மிளகைத் தூவினாற்போல் கரும்புள்ளிகள் தோன்றின. அவை உண்ண மறுத்து, வளர்ச்சி குன்றி, கூடு கட்டாமலே மடிந்தன. தென் பிரான்சின் மலைச்சரிவு ஊர்களில் வறுமை புகுந்தது. நோய் இந்தியாவையும் விடவில்லை. அதே காலப்பகுதியில் மைசூர்ப் பட்டும் நலிவுற்றது.

நோயை ஆராயுமாறு வேதியியலர் டூமா தம் பழைய மாணாக்கர் ஒருவரை வேண்டினார். "நான் ஒரு பட்டுப்புழுவைக்கூடத் தொட்டதில்லையே" என்று தயங்கியவர் லூயி பாஸ்டர். நம் பள்ளிப் பாடநூல்கள் அவரைப் பாலோடும் வெறிநாயோடும் நிறுத்திவிடுகின்றன. அவர் தம் வாழ்வின் ஐந்து ஆண்டுகளைப் பட்டுப்புழுக்களிடையே கழித்தது பலருக்குத் தெரியாது. வழியில் அவிஞ்ஞோன் நகரில் பூச்சியியலர் ஃபாபரைக் கண்டபோது, கையில் கொடுத்த பட்டுக்கூட்டைக் காதருகே குலுக்கிப் பார்த்து, "உள்ளே ஏதோ இருக்கிறதே!" என்று வியந்தாராம். கூட்டுக்குள் கூட்டுப்புழு இருப்பதையே அறியாத ஒருவர் ஒரு நாட்டின் பட்டைக் காக்கப் புறப்பட்டார். ஃபாபர் இதை இகழ்ச்சியாகச் சொல்லவில்லை. அறியாமையை ஒளிக்காத அந்தத் துணிவை அவர் பாராட்டியே எழுதினார்.

1865 சூனில் அலேஸ் நகரை அடைந்த சில நாள்களிலேயே தந்தை நோயுற்ற செய்தி வந்தது. பாஸ்டர் விரைந்தார், உயிரோடு காணக் கொடுத்துவைக்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் இரண்டு வயதுச் சிறுமி கமீல் இறந்தாள். அடுத்த மே மாதம் பன்னிரண்டு வயதான செசீலைக் குடற்காய்ச்சல் கொண்டுபோயிற்று. ஓராண்டுக்குள் மூன்று சாவுகள். ஆயினும் ஆராய்ச்சி நிற்கவில்லை. மனைவியும் எஞ்சிய மகளும் அலேசுக்கு வந்து, தாமே இலை பறித்துப் புழு வளர்த்தனர். 1868 அக்டோபர் 19 அன்று, நாற்பத்தைந்து வயதில், மூளையில் குருதி கசிந்து அவருடைய இடப்பக்கம் செயலிழந்தது. பிழைக்கமாட்டார் என்று எண்ணி, அவருக்கெனப் பாரிசில் கட்டிக்கொண்டிருந்த ஆய்வகத்தின் வேலையைக்கூட நிறுத்திவிட்டார்கள். அவரோ ஒரு வாரத்தில் படுக்கையில் கிடந்தபடியே பட்டுப்புழு நோய் பற்றிய குறிப்பு ஒன்றைச் சொல்லச் சொல்ல, உதவியாளர் எழுதினார். அடுத்த சனவரியில் கைகால் சரியாகத் தேறாத நிலையிலேயே புழுக்களிடம் திரும்பினார்.

அவர் கண்ட வழி எளியது. ஒவ்வொரு பெண் அந்துப்பூச்சியையும் தனித்தனியே முட்டையிட விடவேண்டும். முட்டையிட்டபின் தாய்ப்பூச்சியை நீர் சேர்த்து அரைத்து, ஒரு துளியை நுண்ணோக்கியில் பார்க்கவேண்டும். ஒளிரும் நீள்வட்ட நுண்துகள்கள் தென்பட்டால் அத்தாயின் முட்டைகள் அனைத்தையும் எரித்துவிட வேண்டும், தென்படாவிட்டால் வளர்க்கலாம். அத்துகள்களை அவருக்கு முன்பே இத்தாலியர் கண்டிருந்தனர். அவை ஒட்டுண்ணிகளே என்பதில் பேஷாம் என்ற வேதியியலர் பாஸ்டரை முந்திக்கொண்டார். புகழ் ஒருவரிடமே போய்ச் சேர்ந்தது என்ற மனக்குறையில் நியாயம் உண்டு. எனினும், ஊர்ப் பெண்களும் சிறுவரும்கூடக் கற்றுக்கொள்ளத்தக்க ஒரு செயல்முறையாக அதை ஆக்கித் தந்தவர் பாஸ்டர். 1870இல் வெளிவந்த அவருடைய நூல் அதை உலகெங்கும் கொண்டுசென்றது.

அந்த முறை இன்றும் மாறவில்லை. தமிழகத்துப் பட்டுமுட்டை வித்தகங்களில் முட்டையிட்ட தாய்ப்பூச்சிகளை அரைத்து, நுண்ணோக்கியின் முன் அமர்ந்து பார்ப்பதே அன்றாட வேலை. அங்கிருந்து 'நோயற்ற முட்டைத் தொகுதி' என்ற பெயரோடு வெளியேறும் ஒவ்வோர் அட்டைக்கும் பின்னால் அவ்வாறு பார்க்கப்பட்ட தாய்கள் உண்டு. கணினி வந்துவிட்டது, மரபணுச் சோதனை வந்துவிட்டது. ஆயினும் அந்தக் கண்ணாடித் துண்டும் அந்தத் துளியும் ஓய்வு பெறவில்லை.

பாஸ்டர் ஆராய்ந்தது ஒரு நோயை அன்று, இரண்டை. இரண்டாவது நோயில் புழு தளர்ந்து, கறுத்து, அழுகிச் சாகும். அதன் குடலில் இலை நொதித்திருப்பதைக் கண்ட அவர், காரணம் இலையின் நிலையிலும் வளர்ப்பின் பிழையிலும் இருப்பதாக உணர்ந்தார். ஈர இலை, குவித்து வைத்துச் சூடேறிய இலை, புழுதி படிந்த இலை ஆகியவை புழுவைக் கெடுக்கும். பிள்ளையார்பாளையத்து முதியவர் ஐயுற்ற இலை, ஆராய்ச்சிக்குள் நுழைவது இவ்வாறே.

அகராதிகள் முசுக்கட்டை என்றாலும் உழவர்க்கு அது மல்பெரிதான். முட்டையிலிருந்து வரும் எறும்பனைய புழு இருபத்தைந்து நாள் அளவில் நான்கு முறை தோலுரித்து, தன் பிறவி எடையைப் போல் ஏறத்தாழ 10,000 மடங்கு ஆகிறது. தின்பதில் பெரும்பங்கைக் கடைசிப் பருவத்திலேயே தின்கிறது. அது நூற்கும் பட்டின் புரதத்தில் ஏறக்குறைய 70 விழுக்காடு நேரே மல்பெரி இலையின் புரதத்திலிருந்து வருவது. ஆகவே பட்டு என்பது ஒரு வகையில் உருமாறிய இலையே. இளம்புழுவுக்கு நீர்ச்சத்து மிகுந்த கொழுந்து வேண்டும். முதிர்ந்த புழுவுக்கு முற்றிய இலை வேண்டும். மாற்றிக் கொடுத்தால் கூடு மெலியும், இழை சீர்கெடும், பாவில் அறுப்பு விழும்.

மைசூரில் 1961இல் அமைந்த மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிலையம் இவ்விலையைப் பல்லாண்டு ஆராய்ந்தது. நெடுங்காலம் உழவரிடம் இருந்த கன்வா-2 வகைக்குப் பின், 1997இல் விக்டரி-1 என்னும் வகை வந்தது. நீர் பாயும் நிலத்தில் எக்டேருக்கு ஆண்டுக்கு 60 டன் இலை தரவல்லது. தடித்த, ஈரம் எளிதில் உலராத இலை. நீர், புரதம், சர்க்கரை ஆகியவற்றை ஆய்வகத்தில் அளந்துவிடலாம். இறுதித் தீர்ப்பு மட்டும் புழுவின் கையில். ஒவ்வொரு வகை இலையையும் ஒரு கூட்டம் புழுக்களுக்குக் கொடுத்து, எத்தனை புழுக்கள் எவ்வளவு நேரத்தில் ஒருசேரத் தோலுரிக்கின்றன என்று எண்ணுகிறார்கள். காஞ்சித் தறிக்கு வேண்டிய ஒரே சீரான வெண்பட்டு, ஒரு கூட்டில் ஆயிரம் மீட்டருக்கு மேல் அறாமல் வரும் இழை, இத்தகைய இலையை உண்ட வெண்கூட்டு இனங்களிடமிருந்தே கிடைக்கிறது. பழைய மஞ்சள் கூடுகளால் அது இயலாததால்தான் நெடுங்காலம் பாவுக்குச் சீனப்பட்டை நாடவேண்டியிருந்தது.

புழு மல்பெரியை மட்டும் நாடுவது ஏன் என்ற கேள்வியை சப்பானியர் விடாமல் துரத்தினர். இலையிலுள்ள ஒரு பொருள் புழுவை அருகே ஈர்க்கிறது, வேறொன்று கடிக்கத் தூண்டுகிறது, மற்றொன்று விழுங்க வைக்கிறது என்று ஹமமுரா என்பவர் பிரித்துக் காட்டினார். 2009இல் அவர்நாட்டு ஆய்வாளர்கள் புழுவைத் தொலைவிலிருந்து இழுக்கும் மணப்பொருளை இனங்கண்டனர். அது மல்லிகை மணத்திலும் கலந்துள்ள ஒரு பொருள். காஞ்சியில் பட்டையும் மல்லிகையையும் சேர்த்துச் சூடும் பெண்களுக்கு இது தெரிந்தால் மகிழ்வார்கள்.

இங்கே மற்றோர் இலையைப் பற்றியும் சொல்லவேண்டும். மல்பெரித் தோட்டம் புகையிலைக் கொல்லைக்கு அருகில் இருக்கலாகாது என்பது பட்டு வளர்ப்பின் பால பாடம். காற்றில் வரும் நிக்கோட்டின் மல்பெரி இலையில் படிந்தாலே போதும். புழு தின்பதை நிறுத்தி, தலையைத் தூக்கி, வாந்தியெடுத்துத் துவளும். இவ்விரு இலைகளும் நம் அரசின் பார்வையை ஒரே ஆண்டில் பெற்றன என்பது வியப்பு. மத்தியப் பட்டு வாரியச் சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. சுருட்டுக்குப் பெயர்போன திண்டுக்கல் சீமையில், வேடசந்தூரில், புகையிலை ஆராய்ச்சி நிலையம் தோன்றியதும் அதே 1948இல். பழுத்த இலையைப் பறித்து, பாடம் செய்து, நொதிக்கவைத்து, எரியும் சீரையும் சாம்பலின் வெண்மையையும் பார்த்துத் தரம் சொல்வது அங்கே வழக்கம். மல்பெரிக்குப் புழு நடுவர். புகையிலைக்கு மனிதரின் மூக்கும் நாக்கும் நடுவர். இந்த இரண்டாம் நடுவர் தம்மையே இழந்துவிடக் கூடியவர் என்பதில்தான் வேறுபாடு.

ஏனெனில் நிக்கோட்டின் புழுவின் நரம்பில் எந்த வகை வாயிலைத் தட்டுகிறதோ, அதே வகை வாயில்கள் நம் மூளையிலும் உள்ளன. உயிரோடிருக்கும் மனிதரின் மூளையைக் கதிரியக்கக் குறிப்பொருளால் படமெடுக்கும் கலை வந்தபின் இது கண்ணுக்கே தெரிந்தது. 2006இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஆய்வாளர்கள், ஒரே ஒரு சிகரெட்டை முழுதாய்ப் புகைத்தவரின் மூளையில் அவ்வாயில்களில் 88 விழுக்காட்டுக்கு மேல் நிக்கோட்டின் அடைத்துக்கொண்டிருப்பதைக் காட்டினர். புகைப்பவர் "ஒன்றுதானே" என்று சொல்லும் அந்த ஒன்று! அக்குறிப்பொருள்கள் மனித உடலில் செல்லுமுன் குரங்குகளின் மூளையில் சோதிக்கப்பட்டவை.

பட்டுப்புழுவின் மூளையும் தன் பங்கைச் செலுத்தியிருக்கிறது. தோலுரிப்பைத் தூண்டும் இயக்குநீரைப் பிரித்தெடுக்க 1954இல் செருமானிய அறிஞர் பூட்டெனான்ட்டும் கார்ல்சனும் 500 கிலோ கூட்டுப்புழுக்களை அரைத்தனர். கிடைத்தது 25 மில்லிகிராம். ஆண் பூச்சியை அழைக்கும் மணத்தை அறிய 5 இலட்சம் பெண் பூச்சிகள் வேண்டியிருந்தன. 1959இல் அது வெளிப்பட்டது. 1984இல் சப்பானியர், இலட்சக்கணக்கான பூச்சித் தலைகளிலிருந்து ஒரு மூளை இயக்குநீரைப் பிரித்துப் பார்த்தால், அது மனிதரின் இன்சுலினை ஒத்த அமைப்புடையதாய் இருந்தது. கடுகளவும் இல்லாத அம்மூளைக்கும் சர்க்கரை நோயாளியின் ஊசிக்கும் இடையே அப்படியோர் உறவு இருக்கும் என்று எவர் எதிர்பார்த்திருப்பார்?

பாஸ்டரே பின்னாளில் வெறிநாய்க்கடி ஆராய்ச்சிக்காக முயல்களையும் நாய்களையும் பயன்படுத்தினார். நாயின் மண்டையைத் துளைத்து மூளைக்குள் நச்சைச் செலுத்த அவருக்கு மனம் வரவில்லை. உதவியாளர் ரூ அதைச் செய்தார். மறுநாள் அந்த நாய் துள்ளி வந்ததைக் கண்டபின்தான் அவர் மனம் ஆறியதாம். அவர் பெயரால் 1907இல் குன்னூரில் திறந்த நிலையம் பல்லாண்டுகளாக ஆட்டு மூளையிலிருந்து தடுப்பூசி தயாரித்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் தலைமுறை நடுங்கியது அதைத்தான். அரிதாக அது வாதத்தையும் தந்ததால் 2005க்குள் இந்தியா அதைக் கைவிட்டது.

இத்தனை உயிர்களின் கணக்கைக் காஞ்சியே ஒருமுறை எழுப்பியது. பட்டு நகரின் மடாதிபதியான சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள், கூட்டுக்குள் புழுவைக் கொன்றே இழை எடுக்கப்படுவதைச் சுட்டி, பட்டுடுத்துவதை விடுமாறு தம் அன்பர்களுக்கு அறிவுறுத்தினார். கேட்டு விட்டவர் உண்டு, தறி நிற்கவில்லை. அந்தச் சொல்லை நாம் எளிதாய்க் கடந்துவிட முடியவில்லை. குழித்தறியில் கால் மடக்கி அமர்ந்து வாழ்நாளைக் கழிக்கும் குடும்பங்களையும் கடந்துவிட முடியவில்லை. வெந்நீரில் கூடு வேகும் மணம் மூக்கில் ஏறிய ஒரு நூற்புக் கொட்டகையில் நின்றபோது, அதை நடத்திய அம்மையார் தாமாகவே "பாவந்தாங்க, என்ன செய்ய" என்றார். நம்மிடம் அதற்கு மறுமொழி இல்லை.

2008இல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி தோன்றி, இரண்டே ஆண்டுகளில் கோவை, ஈரோடு, திருப்பூர் மல்பெரித் தோட்டங்களை வெண்பஞ்சாய் மூடியது. மருந்து தெளித்தால் அதே இலையைத் தின்னும் புழு சாகும். தெளிக்காவிட்டால் இலையே இல்லை. வளர்ப்போர் பலர் செடியைப் பிடுங்கினர். 2010 சூலையில் போர்ட்டோரிக்கோ தீவிலிருந்து சிறு ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூருக்குத் தருவிக்கப்பட்டு, பெருக்கப்பட்டு, தோட்டங்களில் விடப்பட்டன. கண்ணுக்கு எளிதில் புலப்படாத அக்குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதை அழித்தது. சில மாதங்களில் இலை மீண்டும் பசந்தது.

அடுத்த முறை பிள்ளையார்பாளையம் சென்றபோது, பாவை ஓரமாய் நின்று பார்த்துக்கொண்டே, முதியவரிடம் தாய்ப்பூச்சியைச் சோதிக்கும் முறையைச் சொன்னோம். இலையைப் பற்றியும் சொன்னோம். பொறுமையாய்க் கேட்டார். பின், "தாய்க்கு நோவு இருந்தா முட்டையையும் எரிச்சிடுவாங்களா?" என்று ஒன்றே ஒன்று கேட்டார். ஆம் என்றோம். அதற்குள் மூன்று முழம் தள்ளி ஓர் இழை அறுந்திருந்தது. குனிந்து அதன் முனையைத் தேடப் போனார்.